ஃப்ளீட்வுட் மேக் ‘ரூமர்ஸ்’ 24/96: போன், டாங்கிள், ஹெட்ஃபோனில் முறையாகக் கேட்பது எப்படி?

தாளக்கட்டு (கேள்வி)

வணக்கம். ஃப்ளீட்வுட் மேக் ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ (1977) ஆல்பம் என்னிடம் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று, சி.டி.யிலிருந்து ரிப் செய்த 16 பிட் / 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). இன்னொன்று, காசு கொடுத்து டவுன்லோடு செய்த 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக். ஆண்ட்ராய்டு போன், டைப்-சி டாங்கிள் டி.ஏ.சி. (டிஜிட்டலை ஒலி சமிக்ஞையாக மாற்றும் சின்னக் கருவி), 32 ஓம் வயர் ஹெட்ஃபோன், இதுதான் செட்டப். விண்டோஸ் லேப்டாப்பும் உண்டு.

டாங்கிளில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் நிறம் மாற வேண்டும். எந்த ஃபைலைப் போட்டாலும் ஒரே நிறம்தான். ஏன்?

இரண்டு ஃபைலும் ஒரே மாதிரி இல்லை என்பது மட்டும் காதுக்குத் தெரிகிறது. ஒன்று கொஞ்சம் உரத்துக் கேட்கிறது, டிரம்ஸ் வேறு மாதிரி இருக்கிறது. இது 96 கிலோஹெர்ட்ஸால் வந்த வித்தியாசமா, வேறு காரணமா?

‘சாங்பேர்ட்’ பாட்டில் பியானோவுக்குப் பின்னால் லேசாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். ஹை-ரெஸ்ஸில் (சி.டி.யைவிட உயர்ந்த தர ஃபைலில்) இது இருக்கலாமா? ஃபைலில் கோளாறா?

கடைசியாக, 24/192 கிடைத்தால் அதற்கு மாறுவதில் பயன் உண்டா?

நேர்வழி

முதல்ல அந்த விளக்கு. அது சரியாத்தான் சொல்லுது. நீங்க இதுவரைக்கும் 96 கிலோஹெர்ட்ஸ்ல கேட்கவே இல்லை. ஆண்ட்ராய்டுல சாதாரண பிளேயர் ஆப் போடுற பாட்டு நேரா டாங்கிளுக்குப் போகாது. நடுவுல சிஸ்டத்தோட மிக்ஸர் இருக்கு. மெசேஜ் சத்தம், அலாரம், பாட்டு எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கணும்னா எல்லாமே ஒரே சாம்பிள் ரேட்ல (வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கறோம்ங்கற எண்) இருக்கணும். அதனால எது வந்தாலும் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்திடும். உங்க 96 கீழே இறங்குது, 44.1 மேலே ஏறுது, ரெண்டும் 48 ஆகி வெளிய வருது.

இதைத் தாண்ட, யு.எஸ்.பி. டிரைவரைத் தானே வச்சிருக்கற ஆப் வேணும். யு.எஸ்.பி. ஆடியோ பிளேயர் ப்ரோ, நியூட்ரான், ஹைபி மியூசிக், இதுல எது வேணாலும் போதும். ஆண்ட்ராய்டு 14லிருந்து சிஸ்டத்துலயே பிட்-பெர்ஃபெக்ட் (ஃபைல்ல இருக்கறது ஒரு பிட்கூட மாறாம போறது) வழி ஒண்ணு குடுத்திருக்காங்க. ஆனா அதை ஆப்பும் பயன்படுத்தணும், போனும் ஒத்துழைக்கணும். புது போன்னு சொல்லி நம்பி இருந்துடாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான்:

1. ஹெட்ஃபோனைக் காதுலேர்ந்து எடுத்துடுங்க. இதை விட்டுடாதீங்க, காரணம் கீழே சொல்றேன்.
2. டாங்கிளைச் செருகுங்க. சில போன்ல ஓ.டி.ஜி.யை (வெளிச் சாதனத்தை போன்ல செருக விடற வசதி) செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானாவே ஆஃப் ஆயிடும்.
3. ஆப்பைத் திறந்ததும் யு.எஸ்.பி. சாதனத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். குடுங்க. வேற பிளேயர் எதுவும் பின்னாடி ஓடக் கூடாது, ஓடினா டாங்கிள் கைக்கு வராது.
4. பிட்-பெர்ஃபெக்ட் ஆன். ஈக்வலைசர், ரீப்ளேகெயின் (பாட்டுகளோட ஒலி அளவைச் சமப்படுத்தறது), அப்சாம்பிளிங் (சாம்பிள் ரேட்டை ஏத்தறது), போனோட டால்பி எஃபெக்ட் எல்லாம் ஆஃப்.
5. ஹார்டுவேர் வால்யூம் (டாங்கிளுக்குள்ளயே இருக்கற வால்யூம்) ஆன். 24/96 ஃபைல் போட்டு விளக்கைப் பாருங்க.

காதுலேர்ந்து எடுக்கச் சொன்னதுக்குக் காரணம்: டாங்கிள்ல ஹார்டுவேர் வால்யூம் இல்லைன்னா, பிட்-பெர்ஃபெக்ட்ல சத்தம் முழு அளவுல வரும். போன் வால்யூம் பட்டன் வேலை செய்யாது. சென்சிட்டிவான இயர்போன்ல அது காதைப் பதம் பார்த்துடும். ஹார்டுவேர் வால்யூம் இல்லாத டாங்கிள்னா ஆப்போட சாஃப்ட்வேர் வால்யூமையே வச்சுக்கங்க. பிட்-பெர்ஃபெக்ட் போயிடும், ஆனா 96 கிலோஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும்.

நடுநடுவுல ‘பட் பட்’னு வெட்டினா பஃபரைக் கூட்டுங்க. அப்பவும் வந்தா பேட்டரி சேவர் அந்த ஆப்பைக் கட்டிப் போடுதான்னு பாருங்க.

லேப்டாப்ல இன்னும் சுலபம். ஃபூபார்2000ல ப்ரிஃபரன்சஸ், பிளேபேக், அவுட்புட் போனா டிவைஸ் பட்டியல்ல உங்க டாங்கிள் பேரு ரெண்டு தடவை இருக்கும். பக்கத்துல ‘எக்ஸ்க்ளூசிவ்’னு போட்டிருக்கறதை எடுங்க, 24 பிட் வைங்க. அவ்வளவுதான். எக்ஸ்க்ளூசிவ் எடுக்காம விட்டா விண்டோஸும் ஆண்ட்ராய்டு மாதிரியேதான்: சவுண்ட் செட்டிங்ஸ்ல ‘டிஃபால்ட் ஃபார்மட்’னு என்ன வச்சிருக்கோ அதுக்கு எல்லாத்தையும் மாத்தி அனுப்பும்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு: ஆப்பிள் மியூசிக் ஆப்புல சாம்பிள் ரேட் பாட்டுக்குப் பாட்டு மாறும்னு நம்பாதீங்க. ஆடியோ மிடி செட்டப்ல போய் 96ன்னு கையால வைங்க. ஐபோன்ல ஆப்பிளோட சொந்த ஹெட்ஃபோன் அடாப்டர் 24/48க்கு மேல போகாது. 96 வேணும்னா வெளி டி.ஏ.சி. வேணும்.

ப்ளூடூத்ல இந்தப் பேச்சே வேண்டாம். 24/96 ஸ்டீரியோ விரிச்சா வினாடிக்கு 4608 கிலோபிட். எல்டாக் (ப்ளூடூத்ல ஒலியைச் சுருக்கி அனுப்பற முறை) உச்சபட்சம் 990. சி.டி.யோட 1411கூட அதுல முழுசா அடங்காது.

நாடாச்சுருள்

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இவைதான் முக்கியம். ஹை-ரெஸ் ஃபைலுக்குள் என்ன இருக்க முடியும் என்பதை மூல நாடா முடிவு செய்கிறது. ‘ரூமர்ஸ்’ நாடாவுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு கேட்டால் காது தேட வேண்டிய இடம் தெரியும்.

ஆல்பத்தின் பெரும்பகுதி 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில், 2 அங்குல அகல 24 டிராக் (தனித்தனி ஒலித்தடம்) நாடாவில் பதிவானது. கென் கேலட், ரிச்சர்ட் டாஷட் இருவரும் பொறியாளர்கள். அடிப்படை டிராக்குகள் முடிந்த பிறகு குரல், கிட்டார், கீபோர்டு என்று மாதக்கணக்கில் ஓவர்டப் (பதிவானதன் மேல் புதிதாகச் சேர்த்துப் பதிவு செய்வது) நடந்தது. ஒவ்வொரு ஓவர்டப்புக்கும் அதே நாடா மறுபடி மறுபடி ஹெட்டின் மேல் உரசி ஓடியது. நாடாவின் மேற்பூச்சு இரும்பு ஆக்சைடு. உரச உரச அது தேயும். தேயும்போது முதலில் போவது உயர் அதிர்வெண்கள்தான், ஏனென்றால் குறுகிய அலைநீளம் பூச்சின் மேல்தோலில்தான் பதிந்திருக்கிறது. கிக் டிரம்மின் ‘டப்’, ஸ்னேர் டிரம்மின் ‘சடக்’ இரண்டும் மழுங்கிவிட்டன.

காப்பாற்றியது ஒரு விஷயம்: ஆரம்பத்தில் பதிவானவற்றுக்கு அதிகம் ஓடாத காப்பு நாடா இருந்தது. ஆனால் இரண்டு மெஷினையும் ஒத்து ஓட வைக்கும் நேரக்குறி நாடாவில் இல்லை. ஒரு நிபுணரை அழைத்து, ஒரு காதில் தேய்ந்த நாடா, மறு காதில் காப்பு நாடா, நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆஸிலேட்டர். ஸ்னேரையும் ஹை-ஹாட்டையும் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) பிடித்துக்கொண்டு, கைவிரலால் வேகத்தை நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். காப்பு நாடாவின் அடிப்படை டிராக்குகளும் தேய்ந்த நாடாவின் ஓவர்டப்புகளும் இப்படித்தான் சேர்ந்தன.

இதிலிருந்து நமக்கு வேண்டியது: டிரம்ஸ் ஓரளவு கூர்மையாக இருக்கும். பலமுறை ஓடிய நாடாவில் வந்த ஓவர்டப்புகளில் உச்ச அதிர்வெண்கள் ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை 96 அல்ல, 192 கிலோஹெர்ட்ஸில் அளந்தாலும் உதிர்ந்த ஆக்சைடு திரும்பி வராது.

இப்போது இரைச்சல். ‘சாங்பேர்ட்’ மற்றப் பாடல்களைப்போல் ஸ்டூடியோவில் பதிவானதல்ல. பெர்க்லியில் ஸெல்லர்பாக் அரங்கில், காலியான இருக்கைகளுக்கு முன்னால், குழுவின் பாடகி கிறிஸ்டின் மெக்வீ மேடையில் பியானோ வாசித்துப் பாடியது. மைக்குகள் பியானோவுக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை, அரங்கின் எதிரொலியைப் பிடிக்கத் தூரத்திலும் வைத்தார்கள். தூர மைக்குக்கு கெயின் கூட்ட வேண்டும், கூட்டினால் அறையின் மூச்சும் நாடாவின் ‘ஸ்ஸ்’ஸும் சேர்ந்து ஏறும். மெல்லிய பாட்டு, மறைக்க டிரம்ஸ் இல்லை. எனவே கேட்கிறது. இரைச்சல் இருப்பது நல்ல அறிகுறி. மென்பொருள் வைத்து அதைத் துடைத்தவர்கள் பியானோ ஸ்வரம் தேய்ந்து மறையும் வாலையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். கடைசி ஸ்வரம் அடங்கும் இடத்தைக் கேளுங்கள்: ஸ்வரம் இரைச்சலுக்குள் மெதுவாகக் கரைய வேண்டும். ஸ்வரம் வெட்டுப்பட்டது போல் நின்று, பின்னணி திடீரென்று மௌனமானால்தான் சந்தேகப்பட வேண்டும்.

24 பிட் பற்றியும் ஒரு கணக்கு. அந்தக்கால 24 டிராக் மெஷினில் ஒரு டிராக்கின் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் சுமார் 60 முதல் 70 டெசிபெல். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்று வகுத்தால் 10 முதல் 12 பிட் பக்கம் நிற்கிறது. 24 டிராக்கையும் சம அளவில் கலந்தால் இரைச்சல் கிட்டத்தட்ட 14 டெசிபெல் ஏறும். மிக்ஸிங்கில் தேவையில்லாத டிராக்குகளை இறக்கி வைப்பது இதனால்தான். 16 பிட் தரும் 96 டெசிபெல் இந்த நாடாவை முழுக்க அணைத்துக்கொண்டு மேலே இடமும் விடுகிறது.

அப்படியானால் உங்கள் இரண்டு ஃபைலும் ஏன் வேறாகக் கேட்கின்றன? மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீரமைப்பது) வேறு. இந்த ஆல்பம் 1977 முதல் இன்றுவரை பலர் கையால், பல காலத்து ரசனையில், பலமுறை மாஸ்டர் செய்யப்பட்டிருக்கிறது. ஒருவர் மேல் அதிர்வெண்ணைத் தூக்குவார், ஒருவர் லிமிட்டரை (ஒலியின் உச்சிகளை அமுக்கும் கருவி) போட்டு உரக்க வைப்பார். டிரம்ஸ் மாறிக் கேட்பது லிமிட்டரின் கைவரிசையாக இருக்கலாம்; ஸ்னேர் அடியின் முனைதான் முதலில் நசுங்கும். காதுக்கு எட்டும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான். சாம்பிள் ரேட் அதற்கு வெகு பின்னால்.

வெண்கலமணி

நாடாச்சுருள், முழுவதும் ஏற்க முடியவில்லை. சி.டி. வினாடிக்கு 44,100 புள்ளிகள்தான் எடுக்கிறது. 96இல் இரண்டு மடங்குக்கும் மேல். படிக்கட்டு சின்னதாகும்போது அலை வழவழப்பாக வருமே? ‘நெவர் கோயிங் பேக் அகெய்ன்’ கிட்டாரில் நகம் கம்பியைத் தொடும் அந்த முதல் நொடிக்கு இது உதவத்தானே செய்யும்?

செவிக்கணக்கு

படிக்கட்டு என்பது எடிட்டர் மென்பொருள் திரையில் வரையும் படம் மட்டும். டி.ஏ.சி.யின் வெளியே படிக்கட்டு வருவதில்லை. புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கும் என்பதை ஃபில்டர் நிரப்புகிறது. 22.05 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எந்த ஒலிக்கும் அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். 44.1இல் வந்தாலும் 96இல் வந்தாலும் அது ஒரே அலை. கம்பி மீட்டிய நேரமும் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட 22.7 மைக்ரோ வினாடியைவிட நுட்பமாகவே பதிவாகும்.

96க்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. 44.1இல் ஃபில்டர் 20இலிருந்து 22.05 கிலோஹெர்ட்ஸுக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும். 96இல் 48 வரை சாவகாசமாக இறங்கலாம். பழைய கருவிகளில் இது முக்கியமாக இருந்தது. இன்றைய டி.ஏ.சி.க்களில் அந்த ஃபில்டர் நன்றாகவே செய்யப்படுகிறது.

அந்தக் கிட்டார் கூர்மையாகக் கேட்க வேறு காரணம் இருக்கிறது. கம்பி புதிதாக இருக்கும்போது வரும் பளிச்சென்ற ஒலி போய்விடக் கூடாது என்று அந்தப் பாட்டுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை கம்பி மாற்றினார்கள். அந்தப் பளபளப்பு சி.டி.யிலும் முழுதாக இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட உங்கள் காதால் சோதிப்பது மேல். தாளக்கட்டு கேட்டதற்கும் இதுதான் பதில். ஆனால் சி.டி. ரிப்பையும் டவுன்லோடையும் நேருக்கு நேர் வைத்துச் சோதிக்காதீர்கள். மாஸ்டரிங் வேறு என்பதால் பத்துக்குப் பத்து சரியாகச் சொல்வீர்கள், சாம்பிள் ரேட் பற்றி ஒன்றும் தெரியாது. 24/96 ஃபைலிலிருந்தே ஒரு சி.டி. தர நகலை உண்டாக்க வேண்டும்.

1. ஃபூபார்2000க்கு ஏ.பி.எக்ஸ். கம்பாரேட்டரையும் (எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்கவைத்து ஒப்பிடும் கருவி) சாக்ஸ் ரீசாம்பிளரையும் (சாம்பிள் ரேட்டை மாற்றுவது) நிறுவுங்கள்.
2. மூல ஃபைலின் ஒலியை 2 டெசிபெல் குறைத்து 24/96 நகல் ஒன்று எடுங்கள். உரத்த மாஸ்டரில் உச்சிகள் எல்லையை முட்டிக்கொண்டிருக்கும். சாம்பிள் ரேட் மாற்றும்போது எல்லை தாண்டி கிளிப் ஆகும் (முனை வெட்டுப்படும்). அந்த கிளிப்பைக் காது பிடித்துக்கொண்டால் சோதனை பாழ். இனி இதுதான் ‘அ’.
3. ‘அ’வை 44.1க்கு இறக்கி, டிதர் (வேண்டுமென்றே சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்) சேர்த்து, 16 பிட்டாக எழுதுங்கள். டிதர் கட்டாயம். விட்டால் மெல்லிய இடங்களில் மணல் உரசுவது போன்ற சிதைவு வரும்.
4. அந்த 16/44.1 ஃபைலைத் திரும்ப 24/96க்கு ஏற்றிச் சேமியுங்கள். இது ‘ஆ’. இழந்தது இழந்ததுதான், ஏற்றுவதால் திரும்பாது. ஆனால் டி.ஏ.சி. இப்போது இரண்டுக்கும் 96இலேயே நிற்கும். இதைச் செய்யாவிட்டால் ரேட் மாறும்போது டாங்கிளில் ஒரு ‘டிக்’ வரும், விளக்கும் நிறம் மாறும். கேட்காமலே விடை தெரிந்துவிடும்.
5. இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் யுடிலிட்டீஸ், அங்கே ஏ.பி.எக்ஸ். 16 சுற்று என்று தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். முடிவைப் பார்த்துக்கொண்டே ‘இன்னும் இரண்டு’ என்று நீட்டக் கூடாது.

16இல் 12 அல்லது அதற்கு மேல் சரியென்றால், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு 100க்கு 4க்கும் குறைவு. அப்போது ஏதோ கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முழுப் பாட்டையும் ஓட்டாதீர்கள். ஒலி நினைவு சில வினாடிகள்தான் தாங்கும். 5 முதல் 10 வினாடித் துண்டுகளை எடுங்கள். ‘ட்ரீம்ஸ்’ ஹை-ஹாட், ‘கோல்டு டஸ்ட் வுமன்’ கடைசிப் பகுதியில் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் கண்ணாடித் தகடுகளை உடைக்கும் ஒலி, ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’இல் கிட்டார் கலைஞர் லின்ட்ஸி பக்கிங்ஹம் நாற்காலியின் ரெக்ஸின் இருக்கையைத் தட்டித் தாளம் போடும் இடம். வித்தியாசம் இருந்தால் இம்மாதிரி சட்டென்று எழுந்து அடங்கும் ஒலியில்தான் முதலில் தட்டுப்படும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

இந்த வகைச் சோதனைகள் பெரிய அளவில் நடந்திருக்கின்றன. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் டிஸ்க்கை நேராகவும், நடுவே 16/44.1 கருவி வழியாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 554 முறையில் 276 முறை சரி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை, 12,500க்கும் மேற்பட்ட சுற்றுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் உயர்ந்தது. ஆக, பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மிகச் சிறியது. வெண்கலமணிக்கு அந்தக் காது இருக்கலாம், சோதித்து எண்ணிக்கையைப் போடுங்கள்.

ஒரு பொறி மட்டும் கவனம். 16க்கு 16 வந்தால் உடனே மகிழ வேண்டாம். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி சில ஆம்ப்ளிஃபயர்களில் சிதைந்து, கேட்கும் எல்லைக்குள் புதிய ஒலியை உண்டாக்கும். அதைக் கண்டுபிடிக்க, 30 கிலோஹெர்ட்ஸும் 33 கிலோஹெர்ட்ஸும் கலந்த ஒரு டோனை 96இல் உருவாக்கி, குறைந்த வால்யூமில் போடுங்கள். முழு மௌனம் இருக்க வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்டால் கோளாறு கருவியில். கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிவிடாதீர்கள், ஸ்பீக்கராக இருந்தால் ட்வீட்டர் கருகும்.

தாளக்கட்டு

நன்றி. யு.எஸ்.பி. ஆடியோ பிளேயர் ப்ரோவில் விளக்கு நிறம் மாறிவிட்டது. ஃபூபாரில் எக்ஸ்க்ளூசிவ் வைத்தபோதும் மாறியது. ரீப்ளேகெயின் ஸ்கேன் செய்ததில் இரண்டு ஃபைலுக்கும் வேறு வேறு எண். ஏ.பி.எக்ஸ். வார இறுதியில் செய்து எழுதுகிறேன்.

மேலும் மூன்று. வாங்கிய 96 உண்மையான 96தானா, சி.டி.யை ஊதிப் பெருக்கியதா என்று எப்படிப் பார்ப்பது? சாஃப்ட்வேர் வால்யூமைப் பாதிக்கு வைத்தால் பிட் வீணாகிறது என்கிறார்களே? ஆப்பிள் மியூசிக்கில் ஹை-ரெஸ் வைத்தும் சில ஆல்பங்கள் முற்றிலும் வேறு மாதிரி கேட்கின்றன, அது ஏன்?

நாடாச்சுருள்

முதல் கேள்விக்கு ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை இழுத்துப் போட்டால் நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் படம் வரும்.

நாடாவிலிருந்து நேர்மையாக எடுத்த 96 என்றால், கீழே பிரகாசமாகத் தொடங்கி மேலே போகப்போக மங்கிக்கொண்டே வரும். சிம்பல் அடிக்கும் இடங்களில் மட்டும் கோடுகள் 20ஐத் தாண்டி எட்டிப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் அடியில் நாடா இரைச்சல் ஒரு மெல்லிய பாய் விரித்தாற்போல் இருக்கும். 22.05 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தது போல நேர்கோடு, அதற்கு மேல் முழுக் கறுப்பு என்றால் 44.1இலிருந்து ஊதியது. 24இல் வெட்டு இருந்தால் மூலம் 48.

இன்னொரு வகை உண்டு. 25, 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகப்போகப் புகை மூட்டம் அடர்த்தியாகும், பாட்டு நின்ற இடத்திலும் அது அப்படியே இருக்கும். அது இசை அல்ல. சூப்பர் ஆடியோ சி.டி.க்குப் பயன்படும் டி.எஸ்.டி. முறையில், இரைச்சலைக் காது எட்டாத மேல் பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த மூலத்திலிருந்து மாற்றிய ஃபைலில் அந்த மூட்டமும் வந்துவிடும். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் ‘மேலே நிறைய விஷயம் இருக்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. 15.7 கிலோஹெர்ட்ஸில் பாட்டு முழுக்க ஒரு மெல்லிய கோடு ஓடினால் பதற வேண்டாம்: அமெரிக்க முறைப் பழைய பிக்சர் டியூப் டி.வி. திரையின் விசில், அந்தக்காலப் பதிவுகள் பலவற்றில் ஒட்டிக்கொண்டது.

192 வேண்டாம் என்பதற்கும் இந்தப் படமே போதும். உங்கள் 96 ஃபைலில் 30இலிருந்து 48 வரை என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இரைச்சல் மட்டும் இருந்தால், 192 தருவது 48இலிருந்து 96 வரை இன்னும் கொஞ்சம் இரைச்சல். இடம் இரண்டு மடங்கு. சுமார் 40 நிமிட ஆல்பம் 24/96இல் விரித்தால் 1.4 ஜி.பி. பக்கம், ஃப்ளாக்கில் அதில் பாதியோ சற்று அதிகமோ. அந்தக் காசுக்கு வேறு மாஸ்டரிங் உள்ள பதிப்பு வாங்குவது எவ்வளவோ மேல். மாஸ்டரிங் பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் செய்த 45 ஆர்.பி.எம். இரட்டை வினைல் பதிப்பைத் தேடிப் பிடிக்கிறவர்கள் மாஸ்டரிங்குக்காகத்தான் தேடுகிறார்கள். 2001இல் டி.வி.டி.-ஆடியோ டிஸ்க்கும் வந்தது, அதில் 5.1 சரவுண்ட் மிக்ஸும் உண்டு.

நேர்வழி

வால்யூம் கேள்வி. 6 டெசிபெல் குறைச்சா 1 பிட் போகும், அது உண்மை. ஆனா எங்கேர்ந்து போகுதுன்னு பாருங்க. 16 பிட் ஃபைலை 24 பிட்டா அனுப்புறப்போ கீழே 8 பிட் காலியா இருக்கு. 48 டெசிபெல் குறைக்கற வரைக்கும் பாட்டு மேல கை படாது. 24 பிட் ஃபைல்ல 30 டெசிபெல் குறைச்சா 5 பிட் போய் 19 நிக்கும், அதுக்குக் கீழே இருந்தது நாடா இரைச்சல்தான். அதனால அவுட்புட் 24 பிட்ல இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. 16ல வச்சுட்டு வால்யூமைக் குறைச்சாத்தான் நஷ்டம்.

பிட்டை விட, டாங்கிளோட அவுட்புட் இம்பீடன்ஸைப் (மின்தடை, ஓம்ல சொல்வாங்க) பாருங்க. ஹெட்ஃபோன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். உங்க 32 ஓமுக்கு 4 ஓம் வரை சரி. அதிகமானா சில ஹெட்ஃபோன்ல பேஸ் தளர்ந்து போகும். ‘தி செயின்’ பாட்டுல எல்லாம் அடங்கி ஜான் மெக்வீயோட பேஸ் கிட்டார் மட்டும் தனியா கிளம்புற இடம் இருக்கே, அங்க ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா நிக்கணும், ஒண்ணோட ஒண்ணு இழுபடக் கூடாது. டாங்கிள் மாத்திப் பார்க்கறப்போ அந்த இடத்தைப் போட்டுப் பாருங்க.

ஆப்பிள் மியூசிக் விஷயம்: செட்டிங்ஸ்ல டால்பி அட்மாஸ் (சுத்தியும் ஒலி வர்ற மாதிரி கலந்த வடிவம்) ‘ஆட்டோமேட்டிக்’லயோ ‘ஆல்வேஸ் ஆன்’லயோ இருக்கும். அட்மாஸ் பதிப்பு இருக்கற ஆல்பம்னா ஹை-ரெஸ் ஸ்டீரியோவை ஒதுக்கிட்டு அட்மாஸைப் போட்டுடும். அது வேற மிக்ஸ். குரல் தள்ளி நிக்கும், டிரம்ஸ் பரந்து போகும். ஸ்ட்ரீமிங்ல வர்ற அட்மாஸ் லாஸ்லெஸ்ஸும் (தரம் குறையாததும்) இல்லை. அட்மாஸை ‘ஆஃப்’ பண்ணிட்டு, ஆடியோ குவாலிட்டில ஹை-ரெஸ் லாஸ்லெஸ் வைங்க. பழைய டவுன்லோடுகளை அழிச்சுட்டு மறுபடி இறக்குங்க, இல்லைன்னா முன்னாடி இறக்கினதே ஓடும்.

செவிக்கணக்கு

வார இறுதிச் சோதனைக்கு முன் ஒன்று. சி.டி. ரிப்பையும் டவுன்லோடையும் மாஸ்டரிங்குக்காக ஒப்பிட விரும்பினால், ஏ.பி.எக்ஸ். சாளரத்தில் ரீப்ளேகெயின் பெட்டியை டிக் செய்யுங்கள், ஒலி அளவு சமமாகும். சமமாக்காமல் கேட்டால் உரத்ததுதான் எப்போதும் ‘நல்லதாக’த் தோன்றும். சமமான பிறகு ஸ்னேர் எதில் முனையோடு அடிக்கிறது என்று பாருங்கள், அதுதான் லிமிட்டர் குறைவாகப் பட்ட பதிப்பு. அது சி.டி.யாக இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக் எண்ணை நம்பி ஃபைலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1977 எல்.பி.யில் இடம் போதாமல் ‘சில்வர் ஸ்ப்ரிங்ஸ்’ வெளியே போய், ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. பிந்தைய சில பதிப்புகள் அதை ஆல்பத்தின் நடுவே சேர்த்திருக்கின்றன. அங்கிருந்து எல்லா எண்ணும் ஒன்று தள்ளிவிடும்.